நிழல் நோட்டு

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டும் நாள் முழுக்க வெயிலைத் திட்டிக்கொண்டும் இருக்கிறோம். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரே பக்கம். அதில் பாதி பனி, கால்வாசி மின்கோபுரம், மிச்சம் இருந்த இடத்தில் நீங்கள். அடுத்த முறை இதைத் தலைகீழாக மாற்றி எழுதுங்கள். ஊருக்கெல்லாம் டவர் கட்டுகிற எங்கப்பாவுக்குப் போன் பேச டவர் கிடைக்காது என்று நம் பெண் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பு மூட்டியிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு லாரி மலை ஏறினால்தான் என் சண்டை உங்களுக்கு வந்து சேரும். அதற்குள் பாதி ஆறிப்போய்விடுகிறது. அது உங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் கை விஷயம். போல்ட் முடுக்கும்போது கையுறை வழுக்குகிறது, கழற்றிவிட்டு முடுக்கினால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று பெரிய சாமர்த்தியம் போல எழுதியிருக்கிறீர்கள். விரல் நுனி வெளுத்துப்போகிறது, பிறகு ஊசி குத்துகிற மாதிரி வலிக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரியாகிவிடுகிறது என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதியிருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மணிக்கொரு தடவை சூட்டறைக்குள் போய் உட்காரச் சொல்லி அங்கே பலகையே மாட்டியிருக்கிறார்களாம். ஆனால் போகிறவனைப் பார்த்து மற்றவர்கள் கேலி பண்ணுவார்களாம், அதனால் நீங்கள் போவதில்லையாம். நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து விரலைக் கொடுக்கிற ஆளையா நான் கட்டிக்கொண்டேன்? ஈரமான காலுறையை உடனே மாற்றுங்கள். கையுறை வழுக்கினால் வேறு கையுறை கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் உங்கள் மேற்பார்வையாளர் முன்னால் நீட்டுங்கள்.

நீங்கள் விட்டுப்போன தார் ரோடு செட்டை நான் மேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதினோரு பேர். பொம்பளை மேஸ்திரியா என்று முணுமுணுத்தவர்கள் இப்போது முணுமுணுப்பதில்லை, நேரடியாகவே சொல்கிறார்கள். அது பரவாயில்லை. நம் ஒட்டகம் அண்ணன் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். காலையில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் சாயங்காலம் வரை தொடமாட்டார், ஆனால் மற்றவர்கள் குடித்தார்களா என்று மட்டும் சுற்றிச் சுற்றி விசாரிப்பார். இன்ஜினியர் கூலிங்கிளாசைக் கழற்றி நான் இதுவரை பார்த்ததில்லை. தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அவர் வீட்டில்தான் கேட்க வேண்டும்.

கம்பெனி இந்த வருடம் புதிதாக ஒரு நோட்டு கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மணிக்கு ஒரு கட்டம். பதினைந்து நிமிடம் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் அந்தக் கட்டத்தில் மேஸ்திரி டிக் போட வேண்டும். நாங்கள் அதற்கு நிழல் நோட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தார்க் கையோடு பேனா பிடித்தால் பக்கமெல்லாம் கறுப்பாகிவிடுகிறது. முதல் வாரம் அப்படிக் கொடுத்ததற்கு ஆபீசில் முகம் சுளித்தார்கள். அதனால் இப்போது காலையில் கை சுத்தமாக இருக்கும்போதே நாள் முழுவதுக்கும் சேர்த்து டிக் போட்டுவிடுகிறேன். எல்லா செட்டிலும் அப்படித்தான். நிழல் கொடுக்காமல் இல்லை. ஒரு தார் லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் உட்காரத்தான் செய்கிறோம், நேரம்தான் கட்டத்தோடு ஒத்துவராது.

நல்ல செய்தியைக் கடைசியில் சொல்கிறேன். தம்பியின் பிள்ளைக்கு இன்றோடு இருபது நாள். அப்படியே உங்கள் மச்சான் முகம், அதே சுருட்டை முடி, அழுவதில் மட்டும் அம்மா. தம்பி நாளைக்கு நம் செட்டுக்கு வேலைக்குத் திரும்புகிறான். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து நன்றாகச் சதை போட்டிருக்கிறான். உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

வியாழக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

பதறாமல் படியுங்கள். தம்பி உயிரோடு இருக்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன். நம் செட்டில் புது ஆள் வந்தால் முதல் ஒரு வாரம் கழுத்தில் நனைத்த மஞ்சள் துண்டைக் கட்டுவோம். நீங்கள் போன பிறகு வந்த பழக்கம் இது. வெயில் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்த அம்மா சொல்லிக்கொடுத்தது. முதல் நாள் கொஞ்ச நேரம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். துண்டு கட்டியவரை யார் வேண்டுமானாலும் நிழலுக்கு விரட்டலாம், அவர் மறுக்கக் கூடாது. செட்டில் அதற்குத் தொட்டில் துண்டு என்று பெயர். புது ஆளுக்கு மட்டும் இல்லை, ரெண்டு மூணு வாரம் லீவு போட்டுட்டு வர்ற பழைய ஆளுக்கும் இதே முறைதான், உடம்புக்கு வெயில் மறந்து போயிடும் என்று அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

திங்கட்கிழமை காலை துண்டை நனைத்துத் தம்பியிடம் நீட்டினேன். எம் புள்ளைக்குத்தான் தொட்டில், எனக்கு எதுக்குக்கா, பதினாலு வருசமா தார்ல நிக்கிறேன் என்றான். செட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். மேஸ்திரியாக இருந்திருந்தால் கட்டுடா என்று சொல்லியிருப்பேன். நான் அக்காவாக இருந்தேன், அவன் முகம் சுருங்கிவிடக் கூடாது என்று பார்த்தேன். துண்டைப் பைக்குள் போட்டுவிட்டு நோட்டை எடுத்து, அவன் பெயருக்கு எதிரே ஏழு மணியில் இருந்து நான்கு மணி வரைக்கும் வரிசையாக டிக் போட்டேன்.

அன்றைக்குப் பார்த்து ஆறரைக்கு வர வேண்டிய லாரி ஒன்பதரைக்கு வந்தது. அதுவரை ரோட்டைக் கூட்டிக்கொண்டு வெயிலில்தான் நின்றோம். பிறகு வந்தது ஒன்றல்ல, அடுத்தடுத்து மூன்று. சூடு ஆறுவதற்குள் கொட்டி, வாரி, ரோலர் ஓட்டியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? யாரும் உட்காரவில்லை. பதினோரு மணிக்குத் தம்பி ஒரே இடத்தையே வாரிக்கொண்டிருந்தான். அங்க என்ன புதையலாடா என்று ஒட்டகம் கேட்டதற்கு, பஸ் வந்துருச்சா, பஸ் வந்துருச்சா என்றான். எப்போதும் கோமாளித்தனம் பண்ணுகிறவன்தானே என்று சிரித்தோம். எல்லார் முகத்திலும் வியர்வை கொட்டியது. அவன் முகம் மட்டும் காய்ந்து சிவந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இந்த லாரி முடியட்டும் என்று நினைத்தேன். இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

லாரி முடிவதற்குள் அவன் விழுந்துவிட்டான். புதிதாகப் போட்ட தாரில் விழாமல் ஓரத்து மண்ணில் விழுந்தான், அந்த மட்டுக்கும் தப்பித்தான். நான் ஓடிப்போய் தலையை மடியில் வைத்து வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தேன். ஒட்டகம் என் கையைத் தட்டிவிட்டு, வாய்ல ஊத்தாத, பொரையேறிடும், மேல ஊத்து என்று கத்திக்கொண்டே குடிக்கிற தண்ணீர் டிரம்மை உருட்டி வந்து அப்படியே அவன் மேல் கவிழ்த்தார். பந்தல் தார்ப்பாயைப் பிய்த்து இரண்டு பேர் விசிறினார்கள். காலியான லாரியிலேயே தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது காய்ச்சல் நூற்றி ஆறு. அங்கயே தண்ணி ஊத்தாம விட்டிருந்தா பொழைச்சிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். கையும் வாயும் இன்னும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. கண்ணைத் திறக்கிறான், ஆளை அடையாளம் தெரிகிறது. சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் மனைவி பச்சைக் குழந்தையோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவரை நிழல்ல உட்கார வெச்சீங்களா அண்ணி என்றாள். குழந்தை அழுதது, அந்தச் சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நேற்று இன்ஜினியர் வந்தார். உள்ளே வந்ததும் கூலிங்கிளாசைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், கண் சிவந்திருந்தது. அவரும் தூங்கவில்லை போல. கெட்ட மனிதர் இல்லை. எனக்கு ஒரு புது நோட்டு கொண்டுவந்திருந்தார். பழைய நோட்டில் அன்றைய பக்கம் நாலு மணி வரைக்கும் டிக் இருக்கிறது. மூன்று மணிக்குத் தம்பி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான் என்று என் கையெழுத்து சொல்கிறது. மூன்று மணிக்கு அவன் மூக்கில் குழாய் சொருகியிருந்தார்கள். அதனால் புது நோட்டில் அந்தப் பக்கத்தை மறுபடி எழுத வேண்டுமாம். பதினோரு மணி வரைக்கும் டிக் போதுமாம். கீழே ஒரு வரி, உடம்பு சரியில்லாததை மறைத்து வேலைக்கு வந்தார் என்று. எழுதிட்டா உங்க மேலயும் தப்பு வராது, எங்க மேலயும் வராது, தம்பியைக் கம்பெனி கைவிடாது, தொழிலாளர் துறை ஆய்வாளர் அடுத்த வாரம் வர்றாங்கம்மா என்றார்.

நோட்டு என் பையில் இருக்கிறது. எழுதினால் நான் மேஸ்திரி. எழுதாவிட்டால் பொய் டிக் போட்டுத் தம்பியைப் படுக்க வைத்தவள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் திட்டியாவது ஒரு வழி சொல்லியிருப்பீர்கள். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர்வதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டுப் போயிருப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

மூன்றாவது வாரம், சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். படகில் நடப்பவன் போலத் தள்ளாடி நடக்கிறான். பேச்சில் இன்னும் ஒரு குழறல் இருக்கிறது. சிறுநீரகம் தேறிவிட்டது. நடை சரியாக மாதக் கணக்கில் ஆகலாம், முழுதாகச் சரியாகாமலும் போகலாம், இனி வெயில் வேலை நினைக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தையைத் தூக்க அவன் கையை நீட்டும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்கும் தெரியும்.

நோட்டு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள், புது நோட்டு விஷயம் காதில் விழுந்து, தம்பி என்னைக் கூப்பிட்டான். அந்தத் திங்கட்கிழமை அவன் மனதில் துளிகூட இல்லை. துண்டு வேண்டாம் என்று சொன்னதும் ஞாபகம் இல்லை. டீ குடிச்சப்புறம் விழுந்தேனா அதுக்கு முன்னாடியா என்று கேட்டான். அன்னைக்கு டீயே இல்லைடா என்றேன். பிறகு, அவங்க கேட்டத எழுதிக் குடுத்துரு அக்கா, எனக்கு ஆனது ஆயிருச்சு, உன் வேலையும் எதுக்குப் போகணும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துச் சொன்னான். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் எழுதியிருப்பேன். அவன் எழுதச் சொன்னதால்தான் என்னால் முடியவில்லை. உடம்பை மறைத்து வந்தான் என்று நான் எழுதினால், ஞாபகம் போனவன் அதையும் நம்பிவிடுவான். தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையைத் தள்ளுவான்.

அதனால் முதலில் அவன் மனைவியிடம் போனேன். நிழல் கொடுக்கவில்லை, துண்டு கட்டவில்லை, வியர்வை நின்றதைப் பார்த்தும் லாரிக்காகக் காத்திருந்தேன் என்று மூன்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு மருந்து வாங்கப் போனாள். பேச்சு இன்னும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆய்வாளர் நம் பெண்ணின் டீச்சர் வயதில் ஒரு அம்மா. பழைய நோட்டைத்தான் கொடுத்தேன். நானே பக்கத்தைப் பிரித்து மூன்று மணிக் கட்டத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். எத்தனை நாளா இப்படி என்று கேட்டார். முதல் வாரத்தைத் தவிர எல்லாப் பக்கமும் இப்படித்தான் என்றேன். கறுப்புக் கறையோடு இருந்த அந்த முதல் வாரப் பக்கங்களையும் புரட்டிக் காட்டினேன். இதைச் சொன்னதுக்கு உங்க மேலயும் நடவடிக்கை வரும், தெரியும்ல என்றார். தெரியும் என்றேன். இன்ஜினியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நான் மேஸ்திரி இல்லை. கையில் தார் வாரியோடு வரிசையில் நிற்கிறேன். என் மேல் விசாரணை முடியும் வரை அப்படித்தானாம். வேலை விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு நிற்கிறது. வெயில் தாழ்ந்த பிறகுதான் மறுபடி. லாரி தாமதமானால் அன்றைக்குச் சரக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டும் என்று கம்பெனியிடம் எழுத்திலேயே வாங்கியிருக்கிறார்கள். நேரம் பார்க்கவென்றே ஒட்டகத்தின் கழுத்தில் விசில் மாட்டியிருக்கிறது. அவர் ஊதினால் ரோலர்கூட நிற்க வேண்டும். செட்டில் பாதிப் பேருக்கு என் மேல் கோபம், தூக்கம் போச்சே என்று. திட்டட்டும். நிழலில் உட்கார்ந்துதானே திட்டுகிறார்கள்.

இனி உங்கள் விஷயம். புதன்கிழமை உங்கள் கடிதம் வந்தது. வழக்கம் போல நம் பெண்தான் பிரித்தாள். பிரித்ததுமே, இது அப்பா எழுத்து இல்லையே என்றாள். வாங்கிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிய மாதிரி அழகான எழுத்து. வேலை அதிகம், எழுத நேரம் இல்லை, அதனால் அறையில் கூட இருக்கும் நண்பர் எழுதித் தருகிறார், நான் நலம் என்று இருக்கிறது. மச்சானைப் பற்றிப் பத்து வரி. உண்மையைச் சொல்லிவிடு, வேலை போனால் போகட்டும் என்று என் மனம் போலவே ஒரு வரி. அதைப் படித்து அழுதேன். உங்களைப் பற்றி மட்டும் அந்த இரண்டு வார்த்தைதான். கீழே ஒரு கையெழுத்து. உங்கள் பெயர்தான், ஆனால் இடது கையால் போட்டது.

எழுத நேரம் இல்லாதவர் சொல்லிச் சொல்லி எழுத வைப்பாரா? ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதினால் இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதுகூட எனக்குத் தெரியாதா? நானும் பொய் டிக் போட்டவள்தான், இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. நான் நலம் என்று நீங்கள் எழுத வைத்ததும் காலையிலேயே மொத்தமாகப் போட்டு வைக்கிற டிக்தான். கட்டம் நிரம்பியிருக்கிறது, ஆள் எப்படி இருக்கிறார் என்று அதில் தெரியவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு இப்போது என்ன யோக்கியதை இருக்கிறது? எந்த விரல், எத்தனை விரல், எதுவானாலும் சொல்லுங்கள். போல்ட் முடுக்க முடியாத கையோடு வந்தால் என்ன, சோறு நான் ஊட்டுகிறேன். உங்கள் பெண் ஊட்டுவாள். இந்த மாதக் கடைசி வரை வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த லாரி முடியட்டும் என்று நானும் அப்படித்தான் பொறுத்தேன். கடிதம் கொண்டு வருகிற லாரியிலேயே ஏறி டாக்டரிடம் போங்கள். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். நீங்கள் முழுதாக, இல்லை, எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வந்து சேர்ந்தால் போதும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

பின்குறிப்பு: இது அவருக்கு இல்லை, அவருக்காகக் கடிதம் எழுதிக்கொடுத்த அண்ணாவுக்கு. உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்தக் குளிரில் உட்கார்ந்து அவருக்காக ஒரு பக்கம் முழுக்க எழுதினீர்கள், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதற்குப் பதிலும் உங்களிடம்தான் எழுதச் சொல்லுவார். எதையாவது சொல்லிச் சமாளிப்பார், சிரித்துக்கொண்டேகூடச் சொல்லுவார். அவர் சொல்கிறதை எழுத வேண்டாம் அண்ணா. கையில் சுற்றியிருக்கும் கட்டைப் பிரிக்கச் சொல்லி, அவர் விரல்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.